படங்களின் பொருளும் சமூக, பண்பாட்டுச் சூழலும்

ஒரு படத்தில் என்ன தெரிகிறது என்பது மட்டுமே அதன் பொருளைத் தீர்மானிப்பதில்லை. அது எங்கே வைக்கப்பட்டுள்ளது, எதற்காகப் பயன்படுகிறது, யார் பார்க்கிறார், அருகே என்ன எழுதப்பட்டுள்ளது, அதைக் காட்டும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பவையும் சேர்ந்தே பொருளை உருவாக்குகின்றன. இவற்றின் தொகுப்பே படத்தின் சமூக, பண்பாட்டுச் சூழல் எனப்படுகிறது. இங்கு படம் என்பது ஓவியம், ஒளிப்படம், சிற்பம், சின்னம், விளம்பரம், கைப்பேசியில் அனுப்பப்படும் சிறு உருக்கள் ஆகிய அனைத்தையும் குறிக்கும்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்க்கலாம். வீட்டுக் கூடத்தின் சுவரில் ஒரு முதியவரின் ஒளிப்படம் மாட்டப்பட்டுள்ளது. அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். படத்துக்குச் சந்தன மாலை போடப்பட்டுள்ளது. கீழே ஒரு சிறு விளக்கு எரிகிறது. தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு அவர் உயிரோடு இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். அந்த வழக்கத்தை அறியாத ஒருவர், அவருக்கு ஏதோ பாராட்டு நடந்திருக்கிறது என்று நினைக்கலாம். ஒளிப்படத்துக்குள் இறப்பைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. அச்செய்தி, மாலையிடும் வழக்கத்திலும் அதை அறிந்தவரின் நினைவிலும் இருக்கிறது. உயிரோடிருப்பவரின் படத்துக்கு யாராவது மாலை போட்டால் வீட்டார் பதறுவதும் இதனால்தான்.

அடிப்படைக் கருத்துகள்

படங்களின் பொருள் எவ்வாறு உருவாகிறது என்பதைக் கலை வரலாறு, குறியியல், ஊடகவியல் ஆகிய துறைகள் ஆராய்கின்றன. அவற்றுள் மூன்று விளக்கங்கள் மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படுபவை.

கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1939இல் வெளியிட்ட நூலில், தெருவில் தொப்பியைக் கழற்றும் ஒரு மனிதரை எடுத்துக்காட்டாகக் கொண்டார். தொப்பி அசைவது கண்ணுக்குத் தெரியும் நிகழ்ச்சி. அது வணக்கம் என்று புரிவதற்கு ஐரோப்பிய வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். இடைக்கால வீரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றித் தம் நல்லெண்ணத்தைக் காட்டியதன் எச்சமே அவ்வழக்கம் என்று அறிவதற்கு வரலாறு வேண்டும். ஓவியங்களையும் இவ்வாறு படிப்படியாகவே படிக்க வேண்டும் என்றார் அவர். முதல் படி கண்ணால் முடியும். அடுத்த படிகளுக்கு அந்தச் சமூகத்தைப் பற்றிய அறிவு தேவை.

பிரெஞ்சு அறிஞர் ரோலண்ட் பார்த் 1964இல் எழுதிய கட்டுரையில் ஓர் உணவுப்பொருள் விளம்பரத்தை ஆராய்ந்தார். வலைப்பையிலிருந்து பாஸ்தா பொட்டலங்கள், தக்காளி, வெங்காயம், குடைமிளகாய் ஆகியவை வெளியே சரிகின்றன. இவை அந்தப் படத்தின் நேர்ப்பொருள். சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறங்களும் அந்த நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து "இத்தாலியத்தன்மை" என்ற எண்ணத்தைத் தருகின்றன. இது குறிப்புப்பொருள். இந்தக் குறிப்பு பிரெஞ்சுக்காரருக்கே நன்றாக எட்டும், இத்தாலியருக்கு அவ்வளவாக எட்டாது என்பதையும் பார்த் சுட்டிக்காட்டினார். இத்தாலியருக்குத் தக்காளி அன்றாடச் சமையல் பொருள்தான். அயலாரின் கண்ணுக்கே அது ஒரு நாட்டின் அடையாளமாகிறது.

ஜமைக்காவில் பிறந்து பிரித்தானியாவில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால், 1973இல் இக்கருத்தைத் தொலைக்காட்சிக்கு விரிவுபடுத்தினார். ஊடகம் ஒரு பொருளை ஏற்றி அனுப்புகிறது. பார்வையாளர் அதை அப்படியே ஏற்கலாம். ஒரு பகுதியை ஏற்று மறுபகுதியை மாற்றிக்கொள்ளலாம். முற்றிலும் எதிர்த்தும் படிக்கலாம். அவர் எவ்வாறு படிப்பார் என்பது அவருடைய வர்க்கம், இனம், தொழில், அனுபவம் ஆகியவற்றைப் பொறுத்தது.

இடமும் பயன்பாடும்: நடராசர் படிமம்

ஒரே உருவம் இடம் மாறும்போது பொருள் எவ்வளவு மாறுகிறது என்பதற்குச் சோழர் கால நடராசர் செப்புப் படிமம் நல்ல சான்று.

கோயிலில் அது உற்சவமூர்த்தி. விழா நாள்களில் தோளில் சுமந்து வீதியுலா கொண்டு செல்வதற்காகவே பீடத்தில் துளைகளும் வளையங்களும் அமைக்கப்பட்டன. அப்போது பட்டு, நகை, பூமாலைகள் ஆகியவை உடலின் பெரும்பகுதியை மறைத்துவிடும். அடியார் அங்கே சிற்பியின் திறமையை அளக்கப் போவதில்லை. இறைவனைக் காணவும் இறைவனால் காணப்படவும் போகிறார். உடுக்கை ஏந்திய கை படைத்தலையும், நெருப்பேந்திய கை அழித்தலையும், அஞ்சேல் என்னும் கை காத்தலையும், ஊன்றிய கால் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்ற ஐந்தொழில் விளக்கம் சைவ மரபில் வந்தவருக்குத் தெரிந்த ஒன்று.

அருங்காட்சியகத்தில் பட்டும் மாலையும் இல்லை. அங்கே ஒளியூட்டப்பட்ட பீடத்தில் தனித்து நிற்கிறது உடல். கோயிலில் மறைந்திருந்த இடுப்பின் வளைவும் தோளின் திரட்சியும் இங்கே முதன்மை பெறுகின்றன. பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்ட் ரோதென், சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் ஒளிப்படங்களைப் பார்த்து 1913இல் எழுதிய குறிப்புகள் 1921இல் வெளிவந்தன. அவர் கண்டு வியந்தது உடலின் கோடுகளை. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1912இல் எழுதிய "சிவனின் நடனம்" என்ற கட்டுரை, சைவ நூல்களின் துணையோடு இப்படிமத்தின் தத்துவத்தை ஆங்கில வாசகருக்கு விளக்கியது. 1918இல் அதே தலைப்பில் நூல் வந்தபின், நடராசர் இந்தியக் கலை முழுவதன் அடையாளமாக உலகெங்கும் அறியப்பட்டார்.

மூன்றாவது சூழல் நீதிமன்றம். 1976இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் பத்தூரில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராசர் படிமம் கடத்தப்பட்டு, கைமாறி, லண்டனில் 1982இல் காவல்துறையினரால் கைப்பற்றப்பட்டது. அதை வாங்கியிருந்த கனடிய நிறுவனம் உரிமை கோரி வழக்காடியது. நிறுவனத்துக்கு அது விலை கொடுத்து வாங்கிய கலைப்பொருள். எதிர்த்தரப்புக்கு அது கோயிலைச் சேர்ந்த தெய்வத் திருமேனி. பாழடைந்திருந்த கோயிலே வழக்காடும் தகுதியுள்ள தரப்பாக ஏற்கப்பட்டு, 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. படிமம் இந்தியாவுக்குத் திரும்பியது. ஓர் உருவம் பொருளா, தெய்வமா என்ற வினா இங்கே உரிமையைத் தீர்மானிக்கும் வினாவாயிற்று.

நான்காவது சூழல் ஓர் ஆய்வுக்கூடம். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வு மையத்தில் 2004 ஜூன் 18 அன்று இந்திய அரசு வழங்கிய 2 மீட்டர் உயர நடராசர் சிலை திறக்கப்பட்டது. ஃபிரிட்ஜாஃப் காப்ரா 1975இல் வெளியிட்ட நூலொன்று துகள்களின் இயக்கத்தைச் சிவ நடனத்தோடு ஒப்பிட்டிருந்தது. அந்த ஒப்புமையே இச்சிலைக்குப் பின்னணி. ஆனால், சிவன் "அழிக்கும் கடவுள்" என்பதை மட்டும் கேள்விப்பட்ட சிலர், அந்த ஆய்வகம் உலகை அழிக்கத் திட்டமிடுகிறது என்பதற்கு இச்சிலையைச் சான்றாக இணையத்தில் பரப்பினர். 2016இல் சிலர் அச்சிலையின் முன் நரபலி தருவதுபோல் நடித்து எடுத்த காணொளி வெளியாகி, ஆய்வு மையமே விசாரணை நடத்த நேர்ந்தது. சைவருக்கு அழித்தல் என்பது ஐந்தொழிலில் ஒன்று, அருளலோடு சேர்ந்தது. அந்த இணைப்பு அறுந்தவுடன் அதே உருவம் அச்சத்தின் சின்னமாகிவிட்டது.

வரலாற்றின் சுமை: சுவத்திக்கா

சில சின்னங்களின் பொருளை வரலாற்று நிகழ்வுகள் நிரந்தரமாக மாற்றிவிடுகின்றன. சுவத்திக்கா என்ற சொல் சமஸ்கிருதத்தில் நலத்தைக் குறிக்கும் சொற்களிலிருந்து வந்தது. இந்து, பௌத்த, சமண மரபுகளில் இச்சின்னம் மங்கலக் குறி. ஜப்பானிய நிலப்படங்களில் அது பௌத்தக் கோயில் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. பண்டைய திராய் நகர அகழாய்விலும் இவ்வடிவம் கிடைத்தது.

1920இல் ஜெர்மனியின் நாஜிக் கட்சி இதைத் தன் சின்னமாக்கியது. 1935இல் அது நாட்டின் ஒரே தேசியக் கொடியாயிற்று. அக்கொடியின் கீழ் 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். அதனால் ஐரோப்பாவில் இச்சின்னம் வேறெந்த விளக்கத்துக்கும் இடமின்றி இனவெறியையே குறிக்கிறது. இன்றைய ஜெர்மனியில் கல்வி, ஆய்வு, கலை போன்ற நோக்கங்கள் தவிர, நாஜிச் சின்னமாக அதைப் பொதுவில் காட்டுவது குற்றம்.

புலம்பெயர்ந்து வாழ்வோருக்கு இது நடைமுறைச் சிக்கல். புதுமனைப் புகுவிழாவுக்கு வாசலில் சுவத்திக்கா வரையும் இந்துக் குடும்பத்தின் நோக்கம் மங்கலம். பக்கத்து வீட்டில் வாழும் யூத முதியவர் அதில் காண்பது தன் உறவினரைக் கொன்றவர்களின் கொடி. இருவரும் பொய் சொல்லவில்லை; இருவர் காண்பதும் அவரவர் வரலாற்றின்படி உண்மை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் நாஜிச் சின்னத்தைத் தடை செய்தபோது, இந்து, பௌத்த, சமணப் பயன்பாட்டுக்கு விலக்கு அளித்தது. வடிவத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், பயன்படும் சூழலையும் சட்டமே கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது.

படத்தின் அருகே வரும் சொற்கள்

படத்துக்குப் பல பொருள்கள் இருக்கக்கூடும். தலைப்போ குறிப்போ அவற்றுள் ஒன்றை நிலைநிறுத்துகிறது. கப்பலை நங்கூரம் நிறுத்துவதுபோல் சொற்கள் படத்தை நிறுத்துகின்றன என்று பார்த் விளக்கினார்.

ஜான் பெர்ஜர் 1972இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரில் இதை நேரடியாகவே செய்து காட்டினார். வான்கா வரைந்த, காகங்கள் பறக்கும் கோதுமை வயல் ஓவியத்தை முதலில் குறிப்பின்றிக் காட்டினார். பிறகு, தற்கொலைக்கு முன் அவர் வரைந்த கடைசி ஓவியம் இது என்ற குறிப்போடு காட்டினார். வயல் அதே வயல்தான். ஆனால் வானம் இருண்டு, காகங்கள் தீக்குறியாகிவிடும். இதில் இன்னொரு பாடமும் உண்டு. அது வான்காவின் கடைசி ஓவியம் அன்று என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. மர வேர்களை வரைந்த ஓவியமே கடைசியாக இருக்கலாம் என்கின்றனர். தவறான குறிப்பும் படத்தின் பொருளை மாற்றும் வலிமை கொண்டது.

ஒளிப்படங்களில் இதன் விளைவு படத்திலிருக்கும் மனிதரையே பாதிக்கும. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் டோரதியா லாங் ஒரு தாயையும் குழந்தைகளையும் படம் எடுத்தார். அரசு நிறுவனம் ஒன்றுக்காக எடுக்கப்பட்ட அந்தப் படம் "புலம்பெயர்ந்த தாய்" என்ற பெயரில், 1930களின் அமெரிக்கப் பொருளாதார வீழ்ச்சியின் அடையாளமாயிற்று. அதில் தாயின் பெயர் இல்லை. பார்த்தவர்கள் கிறித்தவ ஓவியங்களில் வரும் அன்னை மரியாளின் சாயலைக் கண்டார்கள். வறுமையிலும் நிமிர்ந்து நிற்கும் வெள்ளை அமெரிக்கப் பெண்ணைக் கண்டார்கள்.

1978இல்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளியே தெரிந்தது. அவர் செரோக்கி பழங்குடி வழியில் வந்தவர். தன்னைப் படம் எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும், அதனால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும் அவர் வருந்தினார். படங்கள் நாளிதழில் வந்தபின் அந்த முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. அதற்குள் அவருடைய குடும்பம் வேறிடம் போய்விட்டது. கோடிக்கணக்கானோர் அறிந்த முகம் அது. ஆனால் 40 ஆண்டுகளுக்கு மேல் அந்த முகத்தின் பொருளை மற்றவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரமும் பார்வையும்

படத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. 1857 எழுச்சிக்குப் பின், தாம் ஆளும் மக்களை வகைப்படுத்தி அறிந்துகொள்வதில் பிரித்தானிய அரசு தீவிரம் காட்டியது. 1868 முதல் 1875 வரை "இந்திய மக்கள்" என்ற தலைப்பில் 8 தொகுதிகள் வெளியாயின. 460க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் அதில் இடம்பெற்றன. குடும்பப் படம் எடுக்க வந்தவர்போல் அமர்ந்திருக்கும் மனிதரின் படத்துக்குப் பக்கத்தில், அவருடைய சாதியோ குலமோ நம்பத்தக்கதா, சண்டைக்குணம் கொண்டதா, அரசுக்குக் கட்டுப்பட்டதா என்பன போன்ற தீர்ப்புகள் அச்சிடப்பட்டன. முகத்தில் இல்லாத குணம் குறிப்பிலிருந்து முகத்துக்கு ஏறியது.

அதே ஒளிப்படங்கள் இன்று வேறு வகையில் படிக்கப்படுகின்றன. ஆய்வாளர்கள் அவற்றில் ஆட்சியாளரின் அச்சத்தையும் வகைப்படுத்தும் வேட்கையையும் காண்கின்றனர். உடை, அணிகலன், தொழிற்கருவி பற்றிய சான்றுகளாகவும் அவை பயன்படுகின்றன.

இணையக் காலத்தில் சூழல் அறுதல்

முன்பு ஒரு படம் கோயில், வீடு, நாளிதழ், கண்காட்சி என ஏதோ ஓர் இடத்தில் இருந்தது. கைப்பேசியில் படம் அந்த இடத்தை விட்டுப் பிரிந்து பயணிக்கிறது. வேறொரு நாட்டில், வேறொரு ஆண்டில் நடந்த கலவரத்தின் உண்மையான படம், "நேற்று நம்மூரில்" என்ற ஒற்றை வரியோடு வந்தால் வன்முறையைத் தூண்டிவிடலாம். இங்கே படம் திருத்தப்படவில்லை. சூழல் மட்டுமே மாற்றப்பட்டது. படம் மெய்யானது என்பதாலேயே பொய் எளிதில் நம்பப்படுகிறது.

தீங்கற்ற வகையிலும் இது நிகழ்கிறது. கைகூப்பிய உருவைத் தமிழர் பெரும்பாலும் வணக்கமாக அனுப்புகிறார்கள். ஜப்பானில் அது நன்றியாகவும் வேண்டுகோளாகவும் பயன்படுகிறது. மேலைநாடுகளில் பலர் அதைச் செபமாகக் கொள்கின்றனர்.

சூழலின் எல்லை

பொருள் சூழலைச் சார்ந்தது என்பதால், எந்தப் படத்துக்கும் எந்தப் பொருளையும் கொடுத்துவிடலாம் என்று ஆகாது. 1962இல் ஹாக்பெர்க், புரூக்ஸ் ஆகிய உளவியலாளர்கள், 19 மாதம் வரை படங்களின் அறிமுகமே ஏறக்குறைய இல்லாமல் வளர்க்கப்பட்ட ஒரு குழந்தையால், பழக்கமான பொருள்களைக் கோட்டோவியங்களிலும் அடையாளம் காண முடிந்தது என்று காட்டினர். எனவே உருவத்தை அறியும் திறனில் ஒரு பகுதி பிறவியிலேயே அமைந்தது எனலாம்.

ஆனால் உருவத்தை அறிவது வேறு, குறியை அறிவது வேறு. 1972இல் ஏவப்பட்ட பயனியர் 10 விண்கலத்தில், வேற்றுலக உயிர்களுக்கான செய்தியாக ஒரு தகடு பொருத்தப்பட்டது. கலத்தின் பாதையைக் காட்ட அதில் அம்புக்குறி வரைந்திருந்தார்கள். வில்லும் அம்பும் அறியாத உயிர்களுக்கு அந்தக் குறி எப்படித் திசையைக் காட்டும் என்று கலை வரலாற்றாசிரியர் எர்ணஸ்ட் கோம்ப்ரிச் கேட்டார். நமக்கு இயல்பாகத் தோன்றும் குறிகூட நம் வேட்டை வரலாற்றின் எச்சம்தான்.

படத்தைப் படிக்கும் முறை

ஒரு படத்தைப் பற்றி முடிவுக்கு வருமுன் கீழ்க்காணும் வினாக்களைக் கேட்டுக்கொள்வது பயன் தரும்.

1. கண்ணுக்கு உண்மையில் தெரிவது என்ன? நாமாகச் சேர்த்துக்கொள்வது எது?
2. இப்படம் முதலில் எங்கே, எதற்காக, யாருக்காக உருவாக்கப்பட்டது?
3. இப்போது எந்த இடத்தில், எந்தச் சொற்களோடு நம்மிடம் வந்துள்ளது?
4. வேறொரு சமூகத்தவர் இதில் எதைக் காண்பார்?
5. படத்தில் இருப்பவர் தன்னைப் பற்றித் தானே பேசினால் என்ன சொல்வார்?

ஐந்தாவது வினாவே பெரும்பாலும் விடுபட்டுப்போவது. நிப்போமோ முகாமில் அந்தத் தாயின் பெயரை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால், அந்தப் படத்துக்கு வேறொரு பொருள் அன்றே கிடைத்திருக்கும்.